ஒற்றைத் துடுப்பு வள்ளம்

"ராட்டுச் சத்தம் நிக்கணும்னா என்ன செய்யணும் அம்மை?" என்று பூதலிங்கம் கேட்டார்.

"முதல்ல ஒரு வள்ளம் வாங்கணும்" என்றார் தெய்வானையம்மை.

கேள்விக்கும் பதிலுக்கும் காத தூரம். ஆனால் மடத்துக்கு வந்து சேர்ந்த சில மாதங்களில் பூதலிங்கம் ஒன்று கற்றிருந்தார். அம்மையிடம் மறுபடி கேட்டால் பதில் இன்னும் தூரம் போய்விடும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் எழுந்தார்.

மடத்தின் குருவான அம்மைக்கு நாற்பது வயது இருக்கலாம். பூதலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் அம்மை என்று கூப்பிடுவார், அம்மை அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். புதிதாக மடத்துக்கு வருகிறவர்கள் குழம்பிப்போய், வெள்ளைத் தாடி வைத்திருந்த பூதலிங்கத்தின் காலில் விழுந்துவிடுவதும் உண்டு. அம்மை அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார். பூதலிங்கம் சிரிக்க மாட்டார். அவர் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அவர் தேங்காய்த் தும்பில் கயிறு திரிக்கிறவர். ராட்டில் கயிறு திரிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உட்கார்ந்து ராட்டைச் சுற்றுவார். மற்றவர் தும்பை மடியில் கட்டிக்கொண்டு, நுனியை ராட்டின் கொக்கியில் மாட்டி, விரலால் தும்பை விட்டுக்கொண்டே பின்னால் நடப்பார். சுற்றுகிறவர் இருந்த இடத்தில் இருப்பார். நடக்கிறவர் முற்றத்தின் கடைசிவரை போய்விடுவார். நடுவில் கயிறு நீளும்.

சுற்றியது அவர் மனைவி செண்பகம். நடந்தது பூதலிங்கம். வேலிக்கு அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது பேச்சுக் கொடுத்து அவர் நின்றுவிட்டால், முற்றத்தின் மறுகோடியிலிருந்து குரல் வரும். "நிக்காதிய, நடங்க. முறுக்கு ஏறுது."

செண்பகம் காய்ச்சலில் போனாள். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிய அன்று, விளக்கு வைக்கிற நேரத்தில், முற்றத்தில் ராட்டு சுற்றுகிற சத்தம் கேட்டது. பூதலிங்கம் போய்ப் பார்த்தார். ராட்டு அசையாமல் இருந்தது. உள்ளே வந்தார். மறுபடி சுற்றியது.

தினமும் அந்த நேரத்துக்குச் சுற்றியது. அச்சுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தார். சத்தம் கொஞ்சம் மெத்தென்று ஆனது, நிற்கவில்லை. ராட்டின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார். அப்போதும் சுற்றியது. கடைசியில் அந்தக் கைப்பிடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, நாலு ஊர் தள்ளி இருந்த மடத்துக்கு வந்துவிட்டார். வந்த அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அங்கேயும் கேட்டது.

மடத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று மடத்துச் சமையற்காரர் சொன்னார். "கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. காதுக்குத்தான் கேக்கு" என்று பூதலிங்கம் நிதானமாகப் பதில் சொன்னார். அதற்குப் பிறகு சமையற்காரர் மாலையானால் அவர் பக்கம் வருவதில்லை.

பூதலிங்கம் ஒரு முடிவோடு இருந்தார். மடத்துக்குப் பக்கத்துக் காயலின் நடு ஆழத்தில் கைப்பிடியைப் போட்டுவிட வேண்டும். போட்டால் சத்தம் நிற்கும். செண்பகம் போய்விடுவாள். அவள் போய்விட வேண்டும் என்று தான் ஆசைப்படுவதை நினைத்து அவர் தினமும் அழுதார். ஆனாலும் ஆசைப்பட்டார்.

மழைக்காலம் முடிந்ததும் அம்மை காயலைச் சுற்றி வருவது வழக்கம். ஒரு சீடரை மட்டும் கூட்டிக்கொள்வார். பகலெல்லாம் துடுப்புப் போட்டுவிட்டு, மாலையில் ஏதாவது மணல்திட்டில் ஒதுங்கி, கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். எதற்காக என்று கேட்டவர்களிடம், "தண்ணி கெடக்கும்போதே போயிட்டு வந்துரணும்" என்பார். இந்த வருஷம் பூதலிங்கத்தைக் கூப்பிட்டிருந்தார். மடத்தின் வள்ளமோ அந்த மழையில் தென்னை விழுந்து இரண்டாகப் பிளந்து கிடந்தது. புதிதாகச் செய்ய நல்ல மரம் கிடைத்தால்கூட அடுத்த மழை வந்துவிடும். பழசு வாங்குவதுதான் வழி.

பழைய வள்ளங்கள் விற்கிற துறை காயலின் கிழக்குக் கரையில் இருந்தது. வள்ளங்களைக் கரையில் ஏற்றி, தென்னமட்டையில் முட்டுக் கொடுத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தரகர் கொம்பையா வாயில் வெற்றிலையோடு எதிரே வந்தார்.

"வாங்க அம்மை. ரெண்டு பேருக்கா? ராத்தங்கலுக்கா?"

"ரெண்டும்தான்."

பூதலிங்கம் அதற்குள் வரிசையில் நடக்க ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு வள்ளத்திலும் முதலில் துடுப்பைத்தான் பார்த்தார். அந்தக் காயலில் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஒரு வள்ளத்தில் இரண்டு பேர் துடுப்புப் போட்டு, அதில் ஒருவர் இறந்துபோனால், அவருடைய துடுப்பை அவரோடு கொண்டுபோய்ச் சமாதி மண்ணில் நட்டுவிடுவார்கள். பிறகு அந்த வள்ளம் விலைக்கு வந்தால் ஒற்றைத் துடுப்போடுதான் வரும். அதை யாரும் வாங்க மாட்டார்கள். அடுப்புக்கு விறகாகக்கூடக் கேட்க மாட்டார்கள்.

இரண்டு துடுப்போடு இருந்த ஒரு வள்ளத்தின் முன்னால் பூதலிங்கம் நின்றார். அயினி மரம். நல்ல நீளம், அடிப்பாகம் அகலமாகத் தட்டையாக இருந்தது. மாடு வாங்கப் போனவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல விளிம்பைத் தடவிப் பார்த்தார். மூக்கிலிருந்து வால்வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். எந்த இடத்திலும் சத்தம் அமுங்கவில்லை. உளுப்பு இல்லை. ஒரு செம்புத் தண்ணீரை உள்ளே ஊற்றி அது எங்கே போய்த் தேங்குகிறது என்று பார்த்தார். நடுவில் வந்து நின்றது. கோணல் இல்லை. ஏறிப் படுத்துப் பார்த்தார். கால் நீட்ட இடம் இருந்தது, தண்ணிப் பானைக்கும் அரிசி மூட்டைக்கும் இடம் இருந்தது. கொம்பையாவை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லித் தூக்கினார். மணல்திட்டு குறுக்கே வந்தால் இரண்டு பேரே தூக்கிக் கடந்துவிடலாம்.

"அம்மை, இதுக்கு மேல ஒண்ணும் பாக்கவேண்டாம்" என்றார்.

அம்மை வள்ளத்துக்குள் இறங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தரையைக் கையால் தடவினார்.

"இது என்ன தடம் கொம்பையா?"

"அடுப்பு வச்ச தடம். ராத்தங்குற வள்ளம்லா."

"அங்க, வால் பக்கம் இருக்கது?"

"அதுவும் அடுப்பு வச்ச தடந்தான்."

"ரெண்டு பேருக்கு எதுக்கு ரெண்டு அடுப்பு?"

கொம்பையா தலையைச் சொறிந்தார். பூதலிங்கம் குனிந்து பார்த்தார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டு இடத்திலும் மரம் கருகியிருந்தது.

"யாரு வச்சிருந்தது?" என்று அம்மை கேட்டார்.

"அண்ணன் தம்பி."

"இருக்காவளா?"

"கல்லுக்குண்டு மாதிரி இருக்காவ. அண்ணன் இந்தக் கரை, தம்பி அந்தக் கரை."

"ஆளும் நல்லா இருக்காவ, வள்ளமும் நல்லா இருக்கு. பொறவு எதுக்கு விக்காவ?"

கொம்பையா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஒளிக்கது எதுக்கு அம்மை. ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் ஒரு வார்த்தை பேசாம வருசக்கணக்கா இதுலதான் போனாவ. ராத்திரி திட்டுல ஒதுங்குனாலும் இறங்க மாட்டாவளாம். இவரு இங்க காய்ச்சிக் குடிப்பாரு, அவரு அங்க காய்ச்சிக் குடிப்பாரு."

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது பூதலிங்கம் வள்ளத்தின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முதுகு குளிர்ந்தது. வெயில் நன்றாகத்தான் அடித்தது. ஆனாலும் பின்னால் யாரோ உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொண்டு தன் பிடரியையே பார்ப்பது போல இருந்தது. எழுந்து இறங்கிவிட்டார்.

அம்மை அதற்குள் வரிசையின் கடைசிக்குப் போயிருந்தார். அங்கே தாழம்புதரின் ஓரத்தில் ஒரு வள்ளம் கவிழ்த்துப் போட்டிருந்தது. அதில் சாய்ந்தபடி ஒரு மனிதர் மண்ணில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துடுப்பு கிடந்தது.

"அம்மை, அது வேண்டாம்" என்று கொம்பையா பின்னாலேயே ஓடிவந்தார். "அது ஒத்தத் துடுப்பு. தாசையன் தினமும் வந்து இப்படி உக்காந்திருக்காரு. நான் என்ன சொல்லியும் கேக்கல."

தாசையன் தலையைத் தூக்கினார். அவர் கண்களில் வெள்ளை படர்ந்திருந்தது. குரல் வந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

"யாரு போனது?" என்று அம்மை கேட்டார்.

"எம் பெஞ்சாதி. ஞானப்பூ."

"அவிய முன்னால உக்காருவாவளா, பின்னாலயா?"

"பின்னால. வள்ளத்தைத் திருப்புறது அவதான். நான் முன்னால, இழுக்குற மாடு." தாசையன் சிரித்தார். "கட்டுன நாள்ல இருந்து ரெண்டு பேரும் இதுலதான். கோரை அறுக்கப் போவோம், சிப்பி வாரப் போவோம். வாரக்கணக்கா வீட்டுக்கு வரமாட்டோம். முன்னால இருக்கவனுக்குப் பின்னால இருக்கவ மூஞ்சி தெரியாது. பாதி ஆயுசு நான் அவ மூஞ்சியப் பாக்கல அம்மை. சத்தத்தைத்தான் கேட்டேன்."

"பேசிக்கிட்டே வருவாவளோ?"

"மூச்சு விட மாட்டா. நான் ஒரே பக்கம் துடுப்புப் போட்டா எனக்குத் தோளு கடுக்கும். அது எனக்கு முன்ன அவளுக்குத் தெரிஞ்சிரும். துடுப்புக் காம்பால விளிம்புல ஒரு தட்டு தட்டுவா. நான் பக்கம் மாத்துவேன். அவளும் மாத்திக்கிடுவா."

"அவிய போன பொறவு?"

"தனியாப் போனேன். வலப்பக்கமே போட்டேன்."

பூதலிங்கம் குறுக்கே புகுந்தார். "ஒரு பக்கமே போட்டா வள்ளம் வட்டமடிக்கும்லா?"

"அடிக்கணும்."

"அடிக்கலியா?"

"நேராப் போச்சி."

கொம்பையா மெதுவாக நகர்ந்து வேறு ஏதோ வேலை இருப்பது போலப் போய்விட்டார். பூதலிங்கத்துக்கும் போய்விடத்தான் தோன்றியது. கால் வரவில்லை.

"தட்டு?" என்று கேட்டார்.

"அதுவும் கேட்டுது. தோளு கடுக்கும், தட்டு கேக்கும், மாத்துவேன்."

"பயமா இல்லியா அண்ணாச்சி?" என்றார் பூதலிங்கம்.

"மொதல்ல பயமாத்தான் இருந்துது. பொறவு தோளுக்குச் சொகமா இருந்துது."

"அப்போ அவிய இதுலதான் இருக்காவளா?"

"இருக்காளா இல்லியான்னு எனக்குத் தெரியாது. சாமியார்கிட்ட கேட்டா அவரு ஒண்ணு சொல்லுவாரு, கொம்பையாகிட்ட கேட்டா இவரு ஒண்ணு சொல்லுவாரு. தட்டுனா மாத்துவேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"பொறவு எதுக்கு விக்கிய?" என்று அம்மை கேட்டார்.

"கண்ணு மங்கிட்டு. தண்ணிக்கும் கரைக்கும் வித்தியாசம் தெரியல. வள்ளத்தைக் கரையில கவுத்துப் போட்டா மரம் வெடிச்சிரும் அம்மை. ஞானப்பூவுக்கு அது பிடிக்காது."

அம்மை பூதலிங்கத்தைப் பார்த்தார். இரண்டு பேருமாக வள்ளத்தை நிமிர்த்தினார்கள். முன்னதைவிடக் கனமாக இருந்தது. அடியில் ஒரு வெடிப்பு, அதில் தும்பைத் திணித்துக் குங்கிலியம் பூசியிருந்தது. நடுவில் ஒரே ஒரு அடுப்புத் தடம். முன்னால் உட்கார்ந்தவரும் பின்னால் உட்கார்ந்தவரும் கை நீட்டினால் எட்டுகிற இடம்.

"கனம் அம்மை" என்றார் பூதலிங்கம்.

"தூக்கிட்டோம்லா."

"வெடிப்பு இருக்கு."

"அடைச்சிருக்குலா."

"துடுப்பு ஒண்ணுதான் இருக்கு."

"நீங்க போடுங்க. நான் பின்னால சும்மா உக்காந்து வாரேன். அறுபது வயசுக்காரரு துடுப்புப் போட நாப்பது வயசுக்காரி சொகமாப் போறான்னு ஊரு சிரிக்கும். சிரிக்கட்டும்."

பூதலிங்கத்துக்குக் கோபம் வந்தது. ஒரு சத்தத்தை விரட்ட வழி கேட்டால் இன்னொரு சத்தத்தை விலை பேசி வாங்கித் தருகிறாரே என்று நினைத்தார். வாய்க்குள் சொன்னது வெளியே கேட்டுவிட்டது போலும். அம்மை திரும்பி, "என்ன அண்ணாச்சி?" என்றார். "ஒண்ணும் இல்ல" என்றார் பூதலிங்கம்.

தாசையன் துடுப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தட்டுனா மாத்திருங்க" என்றார். "அவளைக் காக்க வைக்காதிய."

மறுநாள் காலை கிளம்பினார்கள். அரிசி, உப்பு, தண்ணிப் பானை, ஒரு ஓலைப்பாய், மண்ணடுப்பு. பூதலிங்கத்தின் மூட்டையில் துணி சுற்றிய கைப்பிடி இருந்தது. அவர் முன்னால் உட்கார்ந்தார். அம்மை பின்னால், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பூதலிங்கம் வலப்பக்கம் துடுப்புப் போட்டார். வள்ளம் இடப்பக்கம் திரும்பும் என்று காத்திருந்தார். திரும்பவில்லை. இன்னும் நாலு தடவை போட்டார். எதிர்க்கரையில் இருந்த ஒற்றைப் பனையை நோக்கி வள்ளம் நூல் பிடித்தது போலப் போனது.

நீரோட்டம் தாங்கிக்கொள்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அன்று முழுக்க அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தார். எந்தத் தட்டும் கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான் என்று நினைத்தார். ஆனால் தோள் கடுத்தபோதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்.

மாலையில் அலையாத்தி மரங்கள் சூழ்ந்த ஒரு மணல்திட்டில் ஒதுங்கினார்கள். அம்மை அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தார். தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. கொக்குகள் அடைந்துவிட்டன. விளக்கு வைக்கிற நேரம்.

ராட்டு சுற்றியது.

வீட்டில் அது முற்றத்திலிருந்து வந்தது. மடத்தில் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. இங்கே திறந்த தண்ணீருக்கு மேலிருந்து வந்தது. அங்கே ஒரு தடியோ மரமோ கிடையாது. பூதலிங்கம் காதைப் பொத்திக்கொண்டார். கைக்குள்ளும் கேட்டது.

"அம்மை, கேக்கா?"

"எனக்கு இல்ல."

அவர் மூட்டையை அவிழ்த்துக் கைப்பிடியை எடுத்தார். "இதைக் காயல்ல போட்டுரப் போறேன். ரொம்ப ஆழத்துல. இல்லன்னா நான் இருக்க மாட்டேன் அம்மை. என்னால சோறு திங்க முடியல, கண்ண மூட முடியல. அவளும் போவட்டும், நானும் கெடக்கேன்."

"போடணும்னா போடுங்க" என்றார் அம்மை. "ஆழம் வந்ததும் நான் சொல்லுதேன்."

தடுப்பார் என்று எதிர்பார்த்திருந்தார். தடுக்காததில் அவருக்கு நிம்மதியும் வந்தது, ஏமாற்றமும் வந்தது. கஞ்சியை அப்படியே வைத்துவிட்டுப் பாயில் சுருண்டுகொண்டார்.

விடிந்தபோது காயல் முழுக்க மூடுபனி. வள்ளத்தின் மூக்கு தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கரை எந்தப் பக்கம் என்று பூதலிங்கத்துக்குப் பிடிபடவில்லை. "எந்தப் பக்கம் அம்மை?" என்று கேட்டார். "நீங்க போடுங்க, அது போவும்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

வலப்பக்கம் போட்டார். வள்ளம் போனது. பனியில் எல்லாச் சத்தமும் பக்கத்தில் கேட்டது. தன் துடுப்பு தண்ணீரில் இறங்குவதும், இழுப்பதும், அதிலிருந்து சொட்டுவதும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. தண்ணீர் இரண்டு இடத்தில் பிளந்தது. வலப்பக்கம் அவர் போடும்போதே இடப்பக்கம், சற்றுப் பின்னால், இன்னொன்று இறங்கியது.

"அம்மை, கையால தண்ணிய அளையுறியளா?"

"இல்ல."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் என்ன தெரியும் என்பதைவிட, ஒன்றும் தெரியாமல் போய்விடுமோ என்பது அவருக்கு அதிகப் பயமாக இருந்தது. ஏன் அப்படி என்று அவருக்கே புரியவில்லை. துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் வேகமாகப் போட்டால் அதுவும் வேகமாகப் போட்டது. அவர் இளைத்து மெதுவாகப் போட்டால் அதுவும் மெதுவானது.

"அண்ணாச்சி" என்றார் அம்மை. "இதுதான் ஆழம்."

பூதலிங்கம் துடுப்பை எடுத்து மடியில் குறுக்காக வைத்தார். மூட்டையிலிருந்து கைப்பிடியை எடுத்துத் துணியைப் பிரித்தார். நல்ல புளிய மரம். பிடிக்கிற இடத்தில் மட்டும் தேய்ந்து ஒடுங்கியிருந்தது. செண்பகத்தின் உள்ளங்கை அளவுக்கு ஒடுங்கியிருந்தது. அவர் அதைப் பிடித்துப் பார்த்தார். அவர் கைக்கு அது பொருந்தவில்லை. கையை விளிம்புக்கு வெளியே நீட்டினார்.

வள்ளம் திரும்பியது.

முதலில் அவருக்குத் தெரியவில்லை. பனியில் எது நிற்கிறது, எது அசைகிறது என்று சொல்ல முடியாது. பிறகு தண்ணீரில் மிதந்த ஒரு தென்னங்கீற்று மூக்குக்கு முன்னால் குறுக்கே போனது. கொஞ்ச நேரத்தில் அதே கீற்று மறுபடி வந்து குறுக்கே போனது. வள்ளம் நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

அவர் நிறுத்திவிட்டார். இடப்பக்கத் துடுப்பு நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு இறங்கியது, இழுத்தது, இறங்கியது. வள்ளம் சுற்றிக்கொண்டே இருந்தது, வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த வேகம் அவருக்குத் தெரிந்த வேகம்.

விளிம்பில் ஒரு தட்டு கேட்டது.

பூதலிங்கம் திரும்பினார். அம்மை பின்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்காலில் இருந்தன. வேறு யாரும் இல்லை.

"தட்டுனியளா?"

"இல்ல."

"பொறவு யாரு அம்மை? அது ஞானப்பூவா? எம் செண்பகமா?" அவர் அம்மையைக் கும்பிட்டார். "போவச் சொல்லுங்க அம்மை. நீங்க சொன்னா கேப்பா. நான் நிறுத்திட்டேன்னு சொல்லுங்க. நான் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். அவ எதுக்கு இன்னும் சுத்துதா?"

தென்னங்கீற்று இன்னொரு தடவை அவர்களைக் கடந்து போனது.

"எனக்குக் கயிறு வேலை தெரியாது அண்ணாச்சி. உங்களத்தான் கேக்கேன். ராட்டு சுத்தையில, தும்பு பிடிச்சவரு நின்னுட்டா என்ன ஆவும்?"

"முறுக்கு ஏறும்" என்றார் பூதலிங்கம். "ஏறி, அறுந்துபோவும்."

"பொறவு எதுக்கு நிக்கிய?"

பூதலிங்கம் கைப்பிடியைப் பார்த்தார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. நீட்டியிருந்த கையை உள்ளே இழுத்தார். கைப்பிடியை மடியில், தும்பு கட்டுகிற இடத்தில், செருகிக்கொண்டார். துடுப்பை எடுத்து இடப்பக்கம் மாற்றிப் போட்டார்.

வலப்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.